காலை ஆறரைக்குப் பிடிபட்டேன்

குடித்தது முந்தின இரவு. நன்றாகத் தூங்கி, குளித்து, காபியும் குடித்துவிட்டுத்தான் வண்டி எடுத்தேன். கருவியில் ஊதினால் அளவு வரம்பைத் தாண்டியிருந்தது. வழக்கு, அபராதம், மதுக் கல்வி வகுப்பு எல்லாம் வரிசையாக வந்தன.

முதல் இரண்டு வகுப்புகளில் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நான் என்ன குடிகாரனா என்ற வீம்பு. மூன்றாம் வகுப்பில், கடைசியாகக் குடித்ததை நினைவிருக்கும்வரை எழுதச் சொன்னார்கள். ஒன்பது மணிக்கு ஆரம்பித்து ஏழு ரவுண்டு, ஒவ்வொன்றும் 45 மில்லி விஸ்கி. 40 சதவீதம் என்றால் ஒரு ரவுண்டில் சுமார் 14 கிராம் ஆல்கஹால். மொத்தம் நூறு கிராமை ஒட்டி. கல்லீரல் ஒரு மணிக்கு உத்தேசமாக எட்டுப் பத்து கிராம்தான் கரைக்கும். காபி, குளியல், எலுமிச்சைச் சாறு எதற்கும் அது வேகம் கூட்டாது. கணக்குப் போட்டால் காலை எட்டு, ஒன்பதுவரை போகிறது! பேனாவை மூடிவிட்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒழுங்காகக் குறிப்பெடுத்தேன். வகுப்பு முடிந்து மாற்றியது இவ்வளவுதான்: குடிக்கப் போகிற நாளில் வண்டி வீட்டிலேயே நிற்கும், சாவி மனைவியிடம். மறுநாள் காலையும் டாக்ஸிதான். செலவு கொஞ்சம் கூடுகிறது, சரி. ரவுண்டு இரண்டோடு நிற்பது மட்டும் இன்னும் எல்லா நாளும் கைகூடவில்லை.