காபிக்கொட்டைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்

கிரைண்டரிலிருந்து தூள் கிண்ணத்தை வெளியே எடுத்ததும் பாதித் தூள் மேசையில் சிதறுகிறதா? கிண்ணத்தின் உட்சுவரில் மாவு பூசியதுபோல் ஒரு படலம், தூள் விழும் வாயில் தாடி மாதிரி தொங்கும் மெல்லிய தோல், தட்டிவிடப் போனால் அது விரலிலும் ஏறிக்கொள்ளும். பல மாதம் என் காலைப்பொழுது இப்படித்தான் விடிந்தது. கிரைண்டரில் ஏதோ கோளாறு என்று நினைத்து வாரம் ஒருமுறை கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் மேல் ஒரு தப்பும் இல்லை.

தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்குமே, அதே நிலைமின்சாரம்தான் இது. கொட்டைகள் ஒன்றோடொன்றும், அரைக்கும் பல்வளையங்களோடும் (பர் என்பது இதைத்தான்) உரசும்போது மின்னூட்டம் ஏறுகிறது. கொட்டை உடைந்து நொறுங்கும்போதும் ஏறுகிறது. தூள் நைசாக நைசாக ஒட்டுவது கூடும். பிரெஞ்ச் பிரஸ்ஸுக்குக் (தூளை வெந்நீரில் ஊறவைத்து அழுத்தி வடிக்கும் குடுவை) கொரகொரப்பாக அரைக்கிறவர்களைவிட, எஸ்பிரெஸோவுக்கு (நைசான தூளில் வெந்நீரை அழுத்தத்தோடு செலுத்தி எடுக்கும் திக்கான காபி) அரைக்கிறவர்கள் அதிகம் புலம்புவது இதனால்தான். கருக வறுத்த கொட்டையில் ஈரம் குறைவு, அதனால் அதிலும் தொல்லை அதிகம். காற்று வறண்ட நாளிலும், ஏசி ஓடும் அறையிலும் இன்னும் மோசம்.

சரி, காரணம் வறட்சி என்றால் மருந்து என்ன? தண்ணீர். ஒரே ஒரு சொட்டு. காபிப் பிரியர்கள் இதை, ராஸ் என்பவரின் பெயரால், ‘ராஸ் துளி முறை’ (Ross Droplet Technique) என்கிறார்கள், சுருக்கமாக ஆர்டிடி.

படி 1: ஒரு வேளைக்கு மட்டும் எடுங்கள்

அப்போது குடிக்கப் போகிற அளவை மட்டும் எடை போட்டு ஒரு சின்னக் கிண்ணத்தில் போடுங்கள். எஸ்பிரெஸோ என்றால் 18 கிராம் என்று வையுங்கள். கிரைண்டரின் மேல்தொட்டியில் கொட்டையை நிரப்பி வைத்து அரைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது. தொட்டிக்குள் தண்ணீர் தெளிக்கவே கூடாது. ஈரம் ஏறிய கொட்டை அங்கேயே கிடந்து வீணாகும்.

படி 2: நனைக்காமல் ஈரமாக்குங்கள்

எல்லாரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒரு ஸ்பூனின் காம்பைக் குழாய்த் தண்ணீரில் காட்டி, ஒரு உதறு உதறுங்கள். காம்பில் மிச்சம் இருக்கும் ஈரமே போதும். அந்தக் காம்பால் கொட்டைகளை நாலைந்து சுற்று கிளறுங்கள். எல்லாக் கொட்டையிலும் லேசான பளபளப்பு தெரிய வேண்டும், கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. சின்ன ஸ்பிரே பாட்டில் இருந்தால் ஒரு முறை அழுத்தித் தெளித்துவிட்டுக் கிண்ணத்தைக் குலுக்கலாம். வேலை சுலபம்தான், ஆனால் சில பாட்டில்கள் ஒரே அழுத்தில் மழையே பெய்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஸ்பூன் காம்பையே சொல்வேன்.

முதல் தடவை எனக்குக் கை நடுங்கியது. மோட்டார் ஓடும் சாதனத்துக்குள் ஈரமா என்று. அந்தத் துளி கொட்டையின் மேல் பரவி, தூளோடு தூளாக வெளியே வந்துவிடுகிறது. பல்வளையத்துக்குப் போவது மிகக் கொஞ்சம்.

படி 3: உடனே அரையுங்கள்

ஈரமாக்கிவிட்டுப் போன் பேசப் போகாதீர்கள். ஈரம் கொட்டையின் மேற்பரப்பில் இருக்கும்போதே அரைக்க வேண்டும்.

படி 4: கொஞ்சம் பொறுங்கள்

அரைத்து முடித்ததும் கிண்ணத்தை வெடுக்கென்று இழுக்காமல் அரை நிமிடம் அப்படியே விடுங்கள். மிச்சமிருக்கும் மின்னூட்டம் தானாகக் கசியும். அப்புறம் கிண்ணத்தின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எடுங்கள். சிறு பிளேடு கிரைண்டர்களில் மூடியில் ஒட்டும் தூளும் இப்படித் தட்டினால் உதிரும்.

இது வெறும் வீட்டு வைத்தியம் இல்லை. எரிமலைச் சாம்பலில் மின்னூட்டம் எப்படி ஏறுகிறது என்று ஆராய்கிறவர்களும், அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக வேதியியலாளர் கிறிஸ்டோபர் ஹெண்டனும் சேர்ந்து காபி அரைப்பதை ஆராய்ந்து, 2023இல் ‘மேட்டர்’ என்ற ஆய்விதழில் எழுதினார்கள். நொறுங்கும் பாறையும் நொறுங்கும் கொட்டையும் இந்த விஷயத்தில் பங்காளிகள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. அவர்கள் கண்டது இது: துளி ஈரம் சேர்த்தால் மின்னூட்டம் குறைகிறது, நைசான துகள்கள் கட்டி கட்டியாகச் சேர்வதும் குறைகிறது. கட்டி இல்லாத தூள் எஸ்பிரெஸோ வடிகட்டியில் நெருக்கமாக அமர்வதால் தண்ணீர் மெதுவாக இறங்கி, காபியின் சாரத்தை அதிகம் எடுத்துவருகிறது.

ஆக, எஸ்பிரெஸோ போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஈரமாக்கத் தொடங்கிய பிறகு வழக்கத்தைவிட மெதுவாக வடிந்தால் பயப்பட வேண்டாம். அரைக்கும் அளவை ஒரு புள்ளி கொரகொரப்புப் பக்கம் திருப்பினால் போதும்.

சுத்தம் செய்வதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பிளாஸ்டிக் கிண்ணத்தை உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் அந்த உரசலே புதிதாக மின்னூட்டம் ஏற்றும். ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துக் காற்றில் உலரவிடுங்கள். முடிந்தால் எஃகுக் கிண்ணத்துக்கு மாறிவிடுங்கள், அதில் தூள் அவ்வளவாக ஒட்டாது. பல்வளையம் எஃகு என்றால், ஈரம் தங்கித் துருப்பிடிக்காமல் இருக்க, வாரத்துக்கு ஒருமுறை திறந்து தூரிகையால் தட்டிவிடுவது நல்லது.

இத்தனைக்கும் பிறகு தூள் ஒட்டினால் அடுத்த முறை இன்னும் ஒரு சொட்டு கூட்டுங்கள். மாறாக, தூள் வாயில் சேறுபோல் அப்பியிருந்தால் தண்ணீர் அதிகமாகிவிட்டது. அன்று அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுநாள் காம்பை இன்னும் பலமாக உதறுங்கள்.