சிசேரியனுக்குப் பிறகு: சீக்கிரம் நடங்கள், தாமதமாகத் தூக்குங்கள்

முன்பே நாள் குறித்துச் செய்யும் சிசேரியனில் ஒரு வசதி உண்டு. அறுவைக்கு முன்பாகவே உடலையும் வீட்டையும் தயார் செய்துகொள்ள முடியும். ஆனால் அந்த வாரங்கள் பெரும்பாலும் குழந்தைக்கான பொருட்களை வாங்கி அடுக்குவதிலேயே கழிந்துவிடுகின்றன. வயிற்றில் தையலோடு தாய் எப்படிக் கட்டிலைவிட்டு எழப்போகிறார் என்று யாரும் யோசிப்பதில்லை. அறுவை முடிந்த அன்று மாலையே அந்தக் கேள்வி வந்து நிற்கும்.

அதன்பின் நடக்கும் தவறுகளை இரண்டாகப் பிரிக்கலாம். தையல் பிரிந்துவிடும் என்று பயந்து அசையாமல் படுத்திருப்பது ஒன்று. பத்தாம் நாள் வலி குறைந்ததும் எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்து வேலையில் இறங்குவது இன்னொன்று. ஒன்றுக்கொன்று நேர்மாறாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்: உள்ளே எது வெட்டப்பட்டது, அது எவ்வளவு மெதுவாகச் சேர்கிறது என்பது தாய்க்கு விளக்கப்படுவதே இல்லை.

அடிவயிற்றில், பிறப்புறுப்பு எலும்புக்குச் சற்று மேலே, குறுக்காக 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்குத் தோல் கீறப்படுகிறது. அதற்குக் கீழே கொழுப்பு, அதன் கீழ் தசையைப் போர்த்தியிருக்கும் கெட்டியான வெண்ணிற உறை, பிறகு வயிற்றுத் தசை, வயிற்றறையின் மெல்லிய சவ்வு, கடைசியாகக் கருப்பை. செங்குத்தாக ஓடும் வயிற்றுத் தசைகளைப் பொதுவாக வெட்டுவதில்லை. நடுவிலிருந்து இரு பக்கமும் விலக்கிவிடுகிறார்கள். வெட்டித் தைப்பது அந்த வெண்ணிற உறையை. வயிற்றின் பாரத்தைத் தாங்குவதும் அதுதான். தோல் ஓரிரு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். உறையோ ஆறு வாரம் ஆன பிறகும் பழைய பலத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் எட்டியிருக்கும். மீதி சேர மாதக்கணக்காகும். நிதானமாக நடப்பது இந்த உறையை ஒன்றும் செய்யாது. பாரம் தூக்குவதும், மூச்சைப் பிடித்து முக்குவதும், படுத்த நிலையிலிருந்து நேராக எழுந்து உட்காருவதும்தான் அதை இழுக்கும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவை.

அறுவைக்கு முன்பே தொடங்கும் தவறுகள்

அடிவயிற்று முடியை முந்தைய நாள் வீட்டிலேயே சவரம் செய்துகொண்டு போவது பலரும் செய்யும் தவறு. பிளேடு தோலில் விடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமிகள் தங்கி, காயத்தில் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. முடியை அகற்றத் தேவைப்பட்டால் மருத்துவமனையில் கிளிப்பரால் வெட்டிக்கொள்வார்கள். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போனால் போதும்.

பயிற்சி எதுவும் இல்லாமல் அறுவைக்குப் போவது அடுத்தது. பக்கவாட்டில் புரண்டு எழும் முறையைக் கடைசி இரண்டு வாரமும் தினமும் சில தடவை செய்து பழகுங்கள். நிறைமாத வயிற்றோடு எழுவதற்கும் அதுதான் சுலபமான வழி. மயக்கமும் வலியும் கலந்த நேரத்தில் புதிதாக ஒன்றைக் கற்பது கடினம். பழகிய உடல் தானாகவே புரளும்.

கட்டிலின் உயரத்தையும் பார்த்துவிடுங்கள். விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிட மேலே போகக் கூடாது. தாழ்ந்த கட்டிலிலிருந்தும், உள்ளே அமுங்கும் சோபாவிலிருந்தும், தரைப் படுக்கையிலிருந்தும் எழும்போது முழுச் சுமையும் வயிற்றுக்கு வந்துவிடும். அன்றாடம் தேவைப்படும் பொருட்கள் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும்.

முதுகில் ஊசி போட்டதால் அசையாமல் படுத்திருப்பது

தண்டுவட மயக்க ஊசி போட்டால் தலையணை இல்லாமல் ஒரு நாள் முழுக்க மல்லாந்து படுக்க வேண்டும், இல்லாவிட்டால் தலைவலி வரும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. அந்தத் தலைவலி தண்டுவட நீர் ஊசித் துளை வழியாகக் கசிவதால் வருகிறது. படுத்தே கிடப்பது அதைத் தடுப்பதில்லை. வந்துவிட்டால் படுத்திருக்கும்போது வலி குறையும், எழுந்து உட்கார்ந்தால் கூடும். அப்படி இருந்தால் மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

அசையாமல் கிடப்பதில் உள்ள ஆபத்து வேறு. பிரசவத்தின் இரத்த இழப்பைச் சமாளிக்க, கர்ப்ப காலத்திலிருந்தே இரத்தம் எளிதில் உறையும் நிலையில் இருக்கும். பிரசவமான பிறகும் ஆறு வாரம் வரை இந்த நிலை நீடிக்கும். அதோடு அறுவையும் சேர்ந்து, கால்களும் அசையாமல் இருந்தால் காலின் ஆழ்சிரைகளில் இரத்தக் கட்டி உருவாகலாம். அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே காலில் உணர்வு திரும்பத் தொடங்கியதுமே வேலையைத் தொடங்குங்கள். கணுக்காலை மேலும் கீழுமாக மடக்கி நீட்டுவது, மணிக்கு ஒரு முறை பத்துப் பதினைந்து தடவை. கூடவே, வயிறு மெல்ல உயர்ந்து தாழும்படி ஆழமான மூச்சு ஐந்து.

மரமரப்பு விலகச் சில மணி நேரம் ஆகும். இரு முழங்காலையும் மடக்கி நீட்ட முடிந்து, பாதத்தில் தொடுவதும் தெரிந்த பிறகுதான் நிற்க முயல வேண்டும். அதற்கு முன் எழுவதும் தவறுதான், கால் நழுவி விழ நேரும். முதல் முறை செவிலியர் உடன் இல்லாமல் எழாதீர்கள். கட்டில் விளிம்பில் இரண்டு மூன்று நிமிடம் உட்காருங்கள். தலை சுற்றாவிட்டால் எழுந்து, நின்ற இடத்திலேயே சில தடவை காலை மாற்றி வையுங்கள். அதுவும் சரியாக இருந்தால் நாற்காலி வரை நாலு அடி. முதல் நாளுக்கு அது தாராளம். மறுநாளிலிருந்து நீண்ட தூரம் ஒரே தடவை நடப்பதைவிட, சில நிமிடம் வீதம் நாலைந்து தடவை நடப்பதே பலன் தரும்.

நடக்கும்போது கூனிக்கொள்ளாதீர்கள். காயத்தைக் காக்க வேண்டும் என்று உடல் தானாகவே முன்னால் மடங்கும். அதே நிலையில் ஒரு வாரம் நடந்தால் வயிற்று வலியோடு முதுகு வலியும் சேர்ந்துகொள்ளும். உள்ளங்கையால் காயத்தை லேசாகத் தாங்கிக்கொண்டு, முடிந்த அளவு நிமிர்ந்து நடங்கள்.

எழும் முறை

மல்லாந்து படுத்தபடியே தலையைத் தூக்கி எழ முயல்வது, யாரையாவது இரு கையையும் பிடித்து இழுக்கச் சொல்வது, இரண்டுமே வெட்டித் தைத்த இடத்தை நேராக இழுக்கும். இழுத்துவிடும் உறவினருக்கு அது உதவி என்று தோன்றும். வலி மட்டும் தாய்க்கு.

சரியான வரிசை இது. ஒவ்வொரு முழங்காலாக மடக்கிப் பாதத்தைப் படுக்கையில் ஊன்றுங்கள். தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே கட்டையைப் போல ஒன்றாகப் புரளட்டும். இடுப்பை மட்டும் முறுக்க வேண்டாம். பக்கவாட்டில் படுத்ததும் இரு காலையும் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்க விடுங்கள். கால்கள் இறங்கும் கனமே மேல் உடம்பைத் தூக்க உதவும். அதே நேரத்தில் கீழே இருக்கும் முழங்கையையும் மேலே இருக்கும் உள்ளங்கையையும் படுக்கையில் அழுத்தி, வாயால் மூச்சை வெளியே விட்டபடி எழுந்து உட்காருங்கள். மூச்சை அடக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறித் தையலை உள்ளிருந்து தள்ளும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறோம். படுக்கும்போது இதே வரிசை தலைகீழாக.

இருமல், தும்மல், சிரிப்பு வரும்போது மடித்த துண்டையோ சிறு தலையணையையோ காயத்தின்மேல் இரு கையாலும் அணைத்துக்கொண்டு லேசாக முன்னால் சாயுங்கள். வலிக்குமே என்று இருமலை அடக்கினால் நுரையீரலில் சளி தேங்கும்.

முதல் சில நாட்கள் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு எழவோ படுக்கவோ வேண்டாம். தாய் சரியாக உட்கார்ந்த பிறகு யாராவது எடுத்துத் தரட்டும். பால் கொடுக்கும்போது குழந்தையை நோக்கிக் குனியாமல், தலையணைகளால் உயர்த்திக் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். குழந்தையின் கால்கள் தாயின் அக்குளுக்குக் கீழே பின்பக்கமாகப் போகும்படி பிடித்தால் காயத்தில் உதை படாது.

வலி வரட்டும் என்று காத்திருப்பது

பாலில் கலந்துவிடும் என்ற பயத்தில் மாத்திரையைத் தள்ளிப்போடும் தாய்மார் அதிகம். வலியைப் பொறுத்துக்கொள்வதில் குழந்தைக்கு ஒரு நன்மையும் இல்லை. தாய் நடப்பதில்லை, ஆழ்ந்து மூச்சு விடுவதில்லை, பால் கொடுக்கச் சரியாக உட்காரவும் முடிவதில்லை. பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் பாலில் மிகக் குறைந்த அளவே சேரும், பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கமாகத் தருபவைதான். கோடீன் கலந்த மாத்திரை அப்படியல்ல. சில தாய்மாரின் உடல் அதை வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும், அது குழந்தையின் மூச்சைப் பாதிக்கலாம். அதனால் பால் கொடுப்பவர்களுக்கு அது வேண்டாம்.

முதல் சில நாட்களுக்கு மாத்திரையைக் கடிகாரம் பார்த்துப் போடுங்கள், வலியைப் பார்த்தல்ல. உச்சத்துக்குப் போன வலியை இறக்க அதிக நேரம் பிடிக்கும். பாராசிட்டமால் பெரியவர்களுக்குப் பொதுவாக 6 மணி நேரத்துக்கு ஒரு முறை 1 கிராம். நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, 50 கிலோவுக்குக் குறைவான எடை என்றால் அளவு இன்னும் குறையும். சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருப்பதுண்டு, அதையும் கணக்கில் சேருங்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, பிரசவத்தை ஒட்டிய இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இபுப்ரோஃபெனுக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். முதல் வாரத்தில், நடப்பதற்கும் குளிப்பதற்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் மாத்திரையின் வேளை அமைந்தால் இன்னும் நல்லது.

குடலும் சிறுநீர்ப்பையும்

இரண்டாம் மூன்றாம் நாள் வயிறு உப்பி, வாயு தோள்பட்டை வரை குத்தும். சிலர் பயந்துபோய் மறுபடி படுத்துவிடுகிறார்கள். நடைதான் இதற்கு முதல் மருந்து. சூயிங்கம் மெல்வதும் குடல் அசைவைச் சீக்கிரம் திரும்பக் கொண்டுவரும். இரும்புச் சத்து மாத்திரையும் வீரியமான வலி மருந்துகளும் மலத்தை இறுக்கும் என்பதால், மலமிளக்கி வேண்டுமா என்று மூன்றாம் நாளுக்குள் கேட்டுவிடுங்கள். கழிப்பறையில் சிறு முக்காலியில் கால் வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி உட்கார்ந்தால் முக்க வேண்டியிருக்காது.

அறுவைக்காகச் சிறுநீர்ப்பையில் பொருத்திய குழாயை எடுத்த பிறகு ஆறு மணி நேரம் ஆகியும் சிறுநீர் போகவில்லை என்றாலோ, சொட்டுச் சொட்டாக மட்டும் போனாலோ உடனே சொல்லுங்கள். மயக்க மருந்தின் மிச்சத்தால் பை நிறைந்ததே தெரியாமல் போகலாம்; அளவுக்கு மீறி விரிந்த பை பழைய நிலைக்கு வர நாளாகும்.

பத்தாம் நாள் பொறி

தோல் ஒட்டிவிட்டது, வலி குறைந்துவிட்டது, உதவிக்கு வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். நனைந்த துணி வாளி, தண்ணீர்க் குடம், மூத்த குழந்தை எல்லாம் திரும்ப இடுப்புக்கு வருவது இப்போதுதான். குழந்தையின் எடையைவிடக் கனமான எதையும் ஆறு வாரம் வரை தூக்க வேண்டாம். காரில் பொருத்தும் குழந்தை இருக்கையைக் குழந்தையோடு சேர்த்துத் தூக்கினால் அந்த அளவு தாண்டிவிடும். மூத்த பிள்ளைக்கு அணைப்பு வேண்டுமென்றால் நீங்கள் உட்காருங்கள், பிள்ளை பக்கத்தில் ஏறி வரட்டும். படி ஏறலாம், கைப்பிடியைப் பிடித்து நிதானமாக. ஒரு நாளில் எத்தனை தடவை என்பதைக் குறைத்துக்கொண்டால் போதும்.

அளவு மீறியதை உடல் சொல்லும். வெளிறிக்கொண்டே வந்த இரத்தப்போக்கு திடீரென்று மறுபடி சிவப்பாகி, அளவும் கூடினால் முந்தைய நாள் செய்தது அதிகம் என்று வைத்துக்கொண்டு, ஒரு நாள் குறைத்து நடங்கள். ஓய்வுக்குப் பிறகும் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

வயிற்றுப் பட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுந்து நடக்கும்போது அணிந்தால் பலருக்கு வலி குறைவாக இருக்கிறது. அந்த அளவில் நல்லதுதான். வயிறு உள்ளே போகும் என்று மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழ்நோக்கிப் போய், கர்ப்பத்தில் ஏற்கெனவே தளர்ந்த இடுப்புத்தளத் தசைகளின் (கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்குபவை) மேல் விழும். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், படுக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

சிசேரியன் என்பதால் இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி வேண்டாம் என்பதும் தவறு. ஒன்பது மாதச் சுமையைத் தாங்கியது அந்தத் தசைதான். சிறுநீர்க் குழாய் எடுத்த பிறகு, வாயுவையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல இறுக்கி, ஐந்து விநாடி வைத்து விடுங்கள். பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை.

காயமும் எச்சரிக்கைகளும்

காயத்தின்மேல் பவுடர், எண்ணெய் எதுவும் வேண்டாம். குளிக்கலாம், தேய்க்கக் கூடாது. பிறகு ஒற்றி உலர்த்துங்கள். வயிற்று மடிப்பு காயத்தின்மேல் தொங்கினால் அந்த ஈரத்தில்தான் தொற்று ஆரம்பிக்கும். நாளுக்கு இரண்டு வேளை படுத்தபடி மடிப்பைத் தூக்கிக் காற்றுப் படவிடுங்கள். உள்ளாடையின் எலாஸ்டிக் காயத்துக்கு மேலே நிற்கட்டும்.

பரவும் சிவப்பு, சீழ், நாற்றம், காயம் வாய் பிளப்பது, 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனைவது, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, பார்வை மங்கலோடு கடுந்தலைவலி ஆகியவற்றுக்கு விடியும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

ஆறு வாரத்துக்குப் பிறகு

ஆறாம் வாரப் பரிசோதனையில் 'நன்றாக இருக்கிறது' என்று கேட்டதும் ஓடவும் குதிக்கவும் தொடங்குவது கடைசித் தவறு. அந்தச் சொல் காயத்தைப் பற்றியது, உறையின் பலத்தைப் பற்றியது அல்ல. வேக நடை, முழங்காலை மடக்கிப் படுத்து இடுப்பை மெல்லத் தூக்குவது, இரத்தப்போக்கு நின்றிருந்தால் நீச்சல் என்று தொடங்குங்கள். ஓட்டம் 12 வாரத்துக்கு முன் வேண்டாம். அப்போதும் சிறுநீர்க் கசிவோ, கீழே ஏதோ இறங்குவது போன்ற கனமோ இருந்தால் முதலில் ஃபிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். வயிற்றின் நடுவே கூம்பு போலப் புடைப்பு வரும் எந்தப் பயிற்சியையும் அப்போதைக்கு ஒத்திவையுங்கள்.

தழும்பைத் தொடவே பலர் பயப்படுகிறார்கள். முழுவதும் ஆறி, பொருக்கு எதுவும் இல்லாமல் ஆனபின், ஆறு வாரத்துக்கு மேல், இரண்டு விரலால் அதைச் சுற்றிலும் மேல் கீழ், இட வலமாக மெல்ல நகர்த்தித் தினமும் ஐந்து நிமிடம் தேய்த்துவிடுங்கள். கீழுள்ள அடுக்குகளோடு ஒட்டிப்போன தழும்பு நிமிரும்போது பிடித்திழுக்கும், தேய்க்கத் தேய்க்க அது இளகும். தழும்புக்கு மேலே மரத்துப்போன பட்டை ஒன்று தெரியலாம். கீறலில் அறுந்த சிறு நரம்புகளால் வருவது அது. சிலருக்கு மாதங்களில் உணர்வு திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் மரப்பு அப்படியே நின்றுவிடும்; நடப்பதற்கோ தூக்குவதற்கோ அதனால் தடையில்லை.