டிராக்கர் பேக்கப் பேட்டரி: டயோடும் கிரவுண்டும்

வண்டி இருக்கும் இடத்தைச் சொல்லும் டிராக்கருக்கு, வண்டி மின்சாரம் போனாலும் ஓட ஒரு சின்ன பேக்கப் பேட்டரி வைத்திருந்தேன். அறிகுறி இரண்டு. ஸ்டார்ட்டர் சுற்றும்போதெல்லாம் டிராக்கர் அணைந்து எழுந்தது. பேக்கப் பேட்டரியின் 3 ஆம்பியர் ஃபியூஸும் அடிக்கடி போனது.

ஃபியூஸ் போன காரணம் எளிது. 12 வோல்ட், 1.2 ஆம்பியர்-மணி சீல்டு லெட் ஆசிட் பேட்டரியை வண்டியின் பிளஸ்ஸோடு நேரே இணைத்திருந்தேன். ஸ்டார்ட் செய்யும்போது வண்டியின் பெரிய பேட்டரியின் வோல்டேஜ் 10க்குக் கீழே விழும். சின்னது அந்த ஸ்டார்ட்டருக்கும் சேர்த்து மின்சாரம் தள்ளப் பார்க்கும். வண்டி பிளஸ்ஸிலிருந்து டிராக்கருக்கு வரும் வழியில் ஒரு 3 ஆம்பியர் ஷாட்கி டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடுவது, வோல்டேஜ் இழப்பு குறைவு) போட்டதும் ஃபியூஸ் போவது நின்றது. டயோடுக்குப் பிறகு 10 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் வழியாகப் பேட்டரி சார்ஜ் ஆகிறது. அந்த ரெசிஸ்டருக்கு இணையாக, பேட்டரியிலிருந்து டிராக்கர் பக்கம் பார்த்து இன்னொரு டயோடு. இது இல்லாவிட்டால் சிக்னல் அனுப்பும் நொடியில் ரெசிஸ்டரிலேயே வோல்டேஜ் கரையும். ஃபியூஸ் பேட்டரி பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஆனாலும் டிராக்கர் அணைவது தொடர்ந்தது. உண்மையான குற்றவாளி கிரவுண்ட், அதாவது வண்டி பாடியோடு சேரும் மைனஸ் இணைப்பு. பேக்கப் பேட்டரி மைனஸ் ஒரு போல்ட்டில், டிராக்கர் மைனஸ் பெயின்ட் பூசிய வேறொரு போல்ட்டில்! இரண்டு வயரையும் ஒரே ரிங் லக்கில் (போல்ட்டில் மாட்டும் வளைய முனை) அழுத்திக் கிரிம்ப் செய்து, உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டிய பாடி போல்ட்டில், பல் வாஷரோடு முறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். டிராக்கர் ஓடும்போது அதன் மைனஸுக்கும் வண்டிப் பேட்டரி மைனஸுக்கும் இடையே மல்டிமீட்டர் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னும் சுரண்டுங்கள்.

சராசரி இழுப்பு 50 மில்லி ஆம்பியர் என்றால் புதுப் பேட்டரி ஏறக்குறைய 20 மணி நேரம் தாங்கும். அதை என்ஜின் பக்கம் வைக்காதீர்கள், சூட்டில் சீக்கிரம் செத்துவிடும்.