சாமை வேண்டுமென்றால் முதலில் உரலைப் பாருங்கள்

பழங்குடி மக்களின் தட்டுக்குப் பழைய உணவு திரும்ப வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் விழிப்புணர்வு முகாமில்தான் தொடங்குகிறார்கள். சாமை என்ற சிறுதானியத்தின் சத்துப் பட்டியலை மலைக்காரர்களுக்கே வாசித்துக் காட்டுகிறார்கள். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால், அங்குள்ள ‘மலையாளி’ என்னும் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு விதைத்துச் சாப்பிட்டவர்கள். சாமையின் அருமையை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது அடுப்படியை விட்டுப் போனதற்கான காரணம் உரலில் இருக்கிறது.

சாமையைக் காயவைத்து, உரலில் கொட்டி உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடியும் குத்த வேண்டும். கடுகைவிடக் கொஞ்சமே பெரிய மணி. உமி லேசில் விடாது. காட்டு வேலை முடிந்து வந்த பெண்தான் இதையும் செய்ய வேண்டும். ரேஷன் அரிசியைக் களைந்து உலையில் போட்டால் வேலை முடிந்தது. இன்னொரு பக்கம், சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளை நம்பிக் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளி மலையேறியது. பிடுங்கி விற்றால் கையில் காசு; குத்தவும் வேண்டாம், புடைக்கவும் வேண்டாம். யாராக இருந்தாலும் அந்தப் பக்கம்தான் சாய்வார்கள்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் வேலை செய்தபோது, விதை வங்கிகளோடு ஊருக்குள்ளேயே உமி நீக்கும் அரைவை இயந்திரங்களுக்கும் வழி செய்தது. என்னைக் கேட்டால், நூறு முகாம்களைவிட இது பெரிய காரியம். ஆனால் இயந்திரம் வந்ததும் சாமையை வெள்ளை வெளேரென்று தீட்டிவிடக் கூடாது. தவிட்டோடு நார்ச்சத்தும் தாதுக்களும் போய்விடும். உமி மட்டும் போனால் போதும்.

அப்புறம், எல்லாச் சிறுதானியத்தையும் ஒரே மூட்டையாக நினைப்பதும் தவறு. கேழ்வரகை இப்படிக் குத்த வேண்டியதில்லை. சுத்தம் செய்து நேரே மாவாக்கலாம். 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியமும் உண்டு. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியது நல்ல முடிவு. அதே வழியில் சாமையை உமியோடு கொடுத்தால், பழைய உரல் வேலை திரும்பிவிடும். உமி நீக்கிக் கொடுத்தாலோ, நாள்பட வைத்தால் பூச்சி விழும், வாடை அடிக்கும். ஆகவே பக்கத்திலேயே உமி நீக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதுதான் சரி.

விற்பனையை மட்டுமே குறிவைப்பதும் ஆபத்து. நகரத்து அங்காடியில் நல்ல விலை கிடைக்கிறது என்று விளைந்ததையெல்லாம் மலையிறக்கினால், விளைவித்த வீட்டுப் பிள்ளை ரேஷன் அரிசியையே சாப்பிடும். வீட்டுக்கும் ஊர் அங்கன்வாடிக்கும் எடுத்து வைத்த பிறகே மூட்டை கட்ட வேண்டும்.

தானியத்தோடு பட்டியலை முடித்துவிடுவது இன்னொரு தவறு. கேழ்வரகுக் காட்டில் ஊடுபயிராக அவரையும் துவரையும் வரும், விதைக்காமலே கீரை முளைக்கும். களைக்கொல்லி அடித்தால் அந்தக் கீரை போயிற்று. காட்டுக்குள் வள்ளிக் கிழங்குகளும் தேனும் இருக்கின்றன. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வனப்பொருள்களில் கிழங்கையும் தேனையும் பெயர் சொல்லியே சேர்த்து, சேகரிக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. இந்தச் சட்டப்படி ஊரார் கூட்டாகப் பெறும் சமூக உரிமைக்கு மனுப் போட ஊர்க் கிராம சபைக்கு உதவாமல் உணவுத் திருவிழா நடத்துவதில் பயன் குறைவு. கிழங்கு எடுத்தால் காடு அழியும் என்று பயப்படுகிறவர்கள், பளியர் என்னும் பழங்குடியினர் கிழங்கு தோண்டுவதை ஒருமுறை பார்க்க வேண்டும். கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை விட்டுவைத்து, குழியில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அந்தக் கொடி மறுபடியும் கிழங்கு வைக்கும்.