தோசைக்கும் ரொட்டிக்கும் தடவ எந்த சீஸ்?

கம்பத்திலிருந்து மலையேறி குமுளிக்குப் போனால், தேக்கடிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களை நம்பி நடக்கும் கடைகளில் பெயரே வாயில் நுழையாத சீஸ் டப்பாக்கள் இருக்கும். பயப்பட வேண்டாம், முதலில் கிரீம் சீஸ் வாங்குங்கள், கெட்டித் தயிரை வடிகட்டியது போல லேசான புளிப்போடு இருக்கும். புளிப்பே ஆகாது என்றால் இத்தாலியின் மஸ்கர்போனே. பாலாடையைச் சூடாக்கி அமிலம் சேர்த்துத் திரித்து வடிப்பது, கிட்டத்தட்ட வெண்ணெய், வாழைப்பழத்தோடு அவ்வளவு நன்றாகச் சேரும். ரிக்கோட்டா கொஞ்சம் மணல் மணலாக இருக்கும், நம்ம பனீரின் இளசான தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பிரீ (Brie) என்ற சீஸ். பிரான்சுச் சரக்கு, மேலே வெள்ளைப் பூஞ்சைத் தோல், அதையும் சாப்பிடலாம். நடுவில் விரலால் அமுக்கினால் மெத்தென்று அமுங்க வேண்டும், காட்டமான அமோனியா நெடி அடித்தால் வேண்டாம், பழுத்து முற்றிவிட்டது. நீல நரம்பு ஓடுவதையும் ஆட்டுப்பால் சீஸையும் இப்போதைக்குத் தொடாதீர்கள், நெடி தூக்கலாக இருக்கும். சைவம் என்றால் பச்சைப் புள்ளி பாருங்கள், சில சீஸ்களில் பாலைத் திரிக்க, கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள். சாப்பிட அரை மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வையுங்கள், சில்லென்று இருந்தால் ருசியே தெரியாது.