சூரியனின் காமாக் கதிரை லேப்டாப்பில் பார்ப்பது எப்படி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். காமாக் கதிரைப் பிடிக்கும் நாசாவின் ஃபெர்மி விண்கலத்தின் தரவை இறக்கி, சூரியனும் ஒரு நட்சத்திரம்தானே என்று வானத்தில் ஒரே இடத்தைப் பிடித்து ஒரு வருடக் கணக்கைக் கூட்டினேன். ஒன்றும் தேறவில்லை. சூரியன் நாளுக்குச் சுமார் ஒரு டிகிரி நகரும் என்பது பஞ்சாங்கம் பார்க்கும் என் மாமியாருக்கே தெரியும்.

சரி, நீங்கள் இப்படிச் செய்யுங்கள். நாசா தளத்தில் 2008 ஆகஸ்ட் முதலான தரவு இலவசம். பிடிபட்ட ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் (ஒளித்துகள்) நேரம், திசை, ஆற்றல் இருக்கும். நேரம், 2001 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகளில் இருக்கும். அந்த விநாடியில் சூரியன் எங்கே இருந்தது என்று ஆஸ்ட்ரோபையிடம் (வானியல் கணக்குக்கான பைத்தான் நிரல்தொகுப்பு) கேட்டு, அதிலிருந்து ஒன்றரை டிகிரிக்குள் வந்தவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றலில் 1 ஜிஇவிக்குக் (நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட்) கீழே போகவேண்டாம், படம் கலங்கிவிடும்.

பின்னணியைக் கழிக்க ஒரு பொய்ச் சூரியன் வேண்டும்: அதே பாதையில் இரண்டு மாதம் பின்தள்ளி, அங்கும் எண்ணுங்கள். சூரியச் சுடர்வெடிப்பு நாட்களை நீக்குங்கள். மார்கழி பிறந்த ஓரிரு நாளில் சூரியன் பால்வெளி மையத்துக்குப் பக்கத்தில் போகும். ஆனி தொடக்கத்தில் எதிர்ப்பக்கம். இரண்டு இடத்திலும் பால்வெளியின் சொந்தக் காமாக் கதிர் கலந்துவிடும். உண்மைச் சூரியனோ பொய்ச் சூரியனோ அங்கே இருக்கும் வாரங்களையும் தூக்கிவிடுங்கள். டிசம்பர் ஏற்றத்தைக் கண்டுபிடிப்பு என்று நம்பி நான் இரண்டு நாள் தூங்கவில்லை.

மிஞ்சியதை, விண்கலம் அந்தத் திசையைப் பார்த்த நேரத்தால் வகுத்து, வருடவாரியாகச் சூரியப்புள்ளி எண்ணிக்கையோடு வரையுங்கள். புள்ளிகள் அரிதாக இருந்த 2009இல் ஒளி கூடுதல். உச்சமான 2014இல் குறைவு. தலைகீழாக வரைந்துவிட்டோமோ என்று தோன்றும். இல்லை.

காரணம் காந்தப்புலம். விண்வெளியிலிருந்து அதிவேகமாக வரும் காஸ்மிக் கதிர்ப் புரோட்டான் சூரியனுக்குள் நேராகப் பாய்ந்து மோதினால், பிறக்கும் காமாக் கதிரும் அதே திசையில் சூரியனுக்குள்ளேயே புதைந்துபோகும். கீழே போகப்போகக் காந்தக்கோடுகள் நெருங்குவதால் புரோட்டான் திரும்புகிறது. திரும்பும் வழியில் மோதினால் கதிர் வெளியே, நம் பக்கம் வருகிறது. சூரியன் கொந்தளிக்கும் காலத்தில் வெளிப்புலம் புரோட்டான்களைக் கிட்டவே விடாமல் தடுக்கும். ஆனால் அந்தத் தடுப்பு மட்டும் இவ்வளவு இறக்கத்துக்குப் போதாது.

சூரியனிலிருந்து எவ்வளவு காமாக் கதிர் வரும் என்று 1991இல் செக்கெல், ஸ்டானெவ், கெய்ஸர் என்ற இயற்பியலாளர்கள் போட்ட கணக்கைவிட அளந்தது பல மடங்கு அதிகம். உங்கள் வரைபடத்தில் அந்தக் கோட்டையும் போட்டுப் பாருங்கள், கீழே தனியாகக் கிடக்கும்.