பழைய கன்சோலில் ஜப்பான் அனிமே கேம்: இந்தத் தவறுகள் வேண்டாம்

ஜப்பான் போய் வந்த என் சித்தி மகன் நின்டெண்டோவின் பழைய கேம் கன்சோலான சூப்பர் ஃபாமிகாம் ஒன்றும், டிராகன் பால் ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் கேம்) கேட்ரிட்ஜ் ஒன்றும் வாங்கி வந்தான். அன்று இரவே எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில், வெளிநாட்டுப் பயணத்துக்கு எடுத்துப்போகும் பிளக் அடாப்டரை இடையில் செருகிச் சுவிட்சைப் போட்டோம். "அண்ணே, கருகுற வாடை வருது" என்றான். கன்சோலுடன் வந்த கறுப்பு அடாப்டரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. திருப்பிப் பார்த்தால் அடியில் பொடி எழுத்தில் 100 வோல்ட் என்று இருந்தது. நம் வீட்டுச் சுவரில் வருவது 230.

சிங்கப்பூரில் நான் அதிகம் பார்ப்பது இந்தத் தவறைத்தான். பிளக் அடாப்டர் முள்ளின் வடிவத்தை மாற்றும், வோல்ட்டை மாற்றாது. 230-ஐ 100-க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். தடியான ஜப்பான் பிளேஸ்டேஷன் 2-க்கும் இதேதான். சரி, வேறு அடாப்டர் போதாதா? போதும், ஆனால் முனை உள்ளே நுழைகிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். சூப்பர் ஃபாமிகாமுக்கு 10 வோல்ட் டிசி, முனையின் நடுவில் மைனஸ். இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நடுவில் பிளஸ். லேபிளில் உள்ள சின்ன வட்டப் படம் அதைத்தான் காட்டுகிறது.

மின்சாரம் சரியான அப்புறம்தான் வட்டாரப் பூட்டு, அதாவது ஒரு வட்டாரத்து கேம் வேறு வட்டாரத்துக் கன்சோலில் ஓடாதபடி வைத்த தடை. ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று கேரோசல் இணையச் சந்தையில் அமெரிக்கப் பதிப்பை வாங்கிவிடுவார்கள் பலர். இங்கே முறையாக விற்ற பிளேஸ்டேஷன் 2, ஜப்பானோடு சேர்ந்த என்டிஎஸ்சி-ஜே வட்டாரம். ஜப்பான் வட்டு அதில் ஓடும், அமெரிக்க வட்டு ஓடாது. சின்ன வயதில் எல்லா வட்டும் ஓடியதாக உங்களுக்கு நினைவிருந்தால், அது பூட்டைத் தாண்டச் சிப் வைத்த பெட்டியாக இருந்திருக்கும்.

பூட்டே இல்லாததற்குப் பயப்படுவதும் ஒரு தவறு. நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோலான டிஎஸ்ஸுக்கு வந்த 'ஜம்ப் அல்டிமேட் ஸ்டார்ஸ்' (2006) ஜப்பானில் மட்டுமே வெளியானது, ஆனால் எந்த நாட்டு டிஎஸ்ஸிலும் ஓடும். சோனியின் கையடக்க பிஎஸ்பி கேம்களுக்கும் பூட்டு கிடையாது. பிளேஸ்டேஷன் 3-இலும் அப்படித்தான், 2012-இல் வந்த 'பெர்சோனா 4 அரீனா' விதிவிலக்கு. ஆனால் டிஎஸ்ஸுக்குப் பின் வந்த 3டிஎஸ் பூட்டியது. பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

நின்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நருட்டோ சண்டை கேம் வரிசையின் நான்காம் பாகம் ஜப்பானில் மட்டும் வந்தது. அதற்காகவே பூட்டைத் தாண்ட உதவும் ஃப்ரீலோடர் வட்டு தேடி வாங்குகிறார்கள். போட்டு ஓடவிட்டதும், அமெரிக்க கேம்களின் சேமிப்பு இருக்கும் மெமரி கார்டை ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். ஜப்பான் கேம்கள் கார்டில் எழுதும் முறை வேறு. சம்மதித்தால் பழைய சேமிப்பு முழுவதும் போய்விடும். ஜப்பான் கேமுக்குத் தனிக் கார்டு வாங்குங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அப்புறம் பட்டன். பழைய ஜப்பான் பிளேஸ்டேஷன் கேம்களில் பெரும்பாலும் வட்டம்தான் சம்மதம், பெருக்கல் குறி மறுப்பு. ஆங்கில கேம் பழகிய விரல் தானாகப் பெருக்கல் குறியை அழுத்திச் சேமிக்காமலேயே வெளியே வந்துவிடும். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் சேமிப்புத் திரையில் இதை வைத்துச் சமாளிக்கலாம்: 'ஹை' இரண்டு எழுத்து, 'இய்யே' மூன்று எழுத்து. நம் 'ஆம்', 'இல்லை' மாதிரியே எண்ணிக்கொள்ளுங்கள்.

எங்கள் சூப்பர் ஃபாமிகாம் தப்பித்தது, அடாப்டர்தான் போனது. டிரான்ஸ்ஃபார்மரோடு வேறு ஒன்று வாங்கி இரவு முழுக்க ஆடினோம். மறுநாள் காலை சேமிப்பைக் காணோம். கேட்ரிட்ஜுக்குள் சேமிப்பைக் காக்க நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், முப்பது வருடத்தில் அது தீர்ந்துபோயிருந்தது. அதை ஈயத்தால் பற்றவைத்து இணைத்திருப்பதால் டேப் ஒட்டி மாற்றக் கூடாது. சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றிக்கொண்டு, டிராகன் பால் நாயகன் கோக்குவை மறுபடி முதலிலிருந்து கூட்டிப்போனோம்.